அத்தியாயம் 7: பதில் எங்கே நின்றது?

ஒரு லினக்ஸ் மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு கிடைக்கவில்லை என்றதும் பலருடைய கை முதலில் போவது ரீஸ்டார்ட்டுக்கு. அதற்கும் மசியவில்லை என்றால் ஃபயர்வாலை நிறுத்திப் பார்ப்பார்கள். இரண்டையும் செய்யாதீர்கள். சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் கோளாறைக் காட்டிக்கொடுத்திருக்கும் தடயம் அழிந்துபோகும். ஃபயர்வாலை நிறுத்தினால், பொது முகவரியுள்ள மெஷினாக இருக்கும்பட்சத்தில், அந்த நிமிடம் முதல் அதில் திறந்திருக்கும் எல்லாப் போர்ட்டுகளையும் யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம். ‘அஞ்சு நிமிஷம்தானே’ என்று நிறுத்திய ஃபயர்வால் மாதக்கணக்கில் அப்படியே கிடப்பது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம்.

முதல் வேலை, திரையில் வந்த பிழைச் செய்தியை ஒரு எழுத்து விடாமல் வாசிப்பது. ‘கனெக்ட் ஆகலை’ என்று யாராவது சொன்னால், “என்ன வந்துச்சோ அதை அப்படியே காப்பி பண்ணி அனுப்புங்க, எவ்வளவு நேரம் கழிச்சு வந்துச்சுன்னும் சொல்லுங்க” என்று கேளுங்கள். அந்த வரியும் அந்த நேரமும் கையில் கிடைத்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும்.

காரணம் எளிது. டிசிபி இணைப்பு மூன்று பாக்கெட்டுகளில் தொடங்குகிறது. கேட்கும் மெஷின் ‘சின்’ அனுப்பும். எதிர்மெஷின் ‘சின்-ஆக்’ என்று பதில் தரும். கேட்டவர் ‘ஆக்’ என்று முடித்துவைப்பார். இணைப்பு விழவில்லை என்றால் இந்த மூன்றில் ஏதோ ஒன்று வழியில் நின்றிருக்கிறது, அல்லது வேறொரு பதில் திரும்பி வந்திருக்கிறது. லினக்ஸ் காட்டும் பிழைச் செய்தி ஒவ்வொன்றும் யார் பதில் சொன்னார், அல்லது யாருமே சொல்லவில்லை என்பதைத்தான் தெரிவிக்கிறது.

‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’

இது நல்ல செய்தி. உங்கள் பாக்கெட் போய்ச் சேர்ந்தது, யாரோ பதிலும் தந்தார்கள். அந்தப் பதில் ‘முடியாது’ என்பது மட்டுமே. கேபிள், ரூட்டிங், கேட்வே எதையும் குடைய வேண்டாம். நேராக எதிர்மெஷினுக்குப் போய், அந்தப் போர்ட்டில் யாராவது காத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஓர் உதாரணத்தைக் கூர்ந்து பார்ப்போம். 10.0.1.5 என்ற முகவரியில் ஆப் சர்வர், 10.0.1.9-இல் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், போர்ட் 5432. ஆப் சர்வரிலிருந்து ‘ரெஃப்யூஸ்டு’ என்று வருகிறது. டேட்டாபேஸ் மெஷினில் ரூட் அதிகாரத்தோடு ‘எஸ்எஸ்’ கட்டளையை டி, எல், என், பி என்ற நான்கு எழுத்துகளைச் சேர்த்து ஓட்டுங்கள். காத்திருக்கும் டிசிபி போர்ட்டுகளும் அவற்றின் பின்னால் உள்ள புரோகிராம்களும் வரிசையாக வரும். 5432 அந்த வரிசையில் இல்லவே இல்லை என்றால் டேட்டாபேஸ் ஓடவில்லை. இருக்கிறது என்றால், அதன் இடப்பக்கம் என்ன முகவரி இருக்கிறது என்று பாருங்கள். 127.0.0.1 என்று இருந்தால் அது தன் மெஷினுக்குள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டுமே பதில் சொல்லும். போஸ்ட்கிரஸ் நிறுவியவுடன் இப்படித்தான் இருக்கும். டெபியன், உபுண்டுவில் மரியாடிபியும் மைஎஸ்கியூஎல்லும் அதே மாதிரி. பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு அது. போஸ்ட்கிரஸில் ‘லிசன் அட்ரஸஸ்’ அமைப்பை மாற்றி, சர்வீஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இந்த அமைப்புக்கு ரீலோடு போதாது. நட்சத்திரக் குறி போட்டு எல்லா இன்டர்ஃபேஸையும் திறந்துவிடுவதைவிட 10.0.1.9 என்ற உள்முகவரியை மட்டும் எழுதுவது மேல்.

மாற்றியபின் அநேகமாக இன்னொரு பிழை வரும்: ‘பிஜி-ஹெச்பிஏ’ கோப்பில் உங்கள் முகவரிக்கு இடமில்லை என்று. மனம் தளர வேண்டாம். அது டேட்டாபேஸே வாய்திறந்து சொல்லும் பதில். நெட்வொர்க்கின் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. பிழைச் செய்தி மாறினால் நீங்கள் ஒரு படி முன்னேறியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

‘ரெஃப்யூஸ்டு’ எல்லாமே புரோகிராம் இல்லாததால் வருவதில்லை. ஃபயர்வாலும் இதே பதிலைத் தர முடியும். ஒரு மெஷினிலிருந்து மட்டும் எஸ்எஸ்எச் ‘ரெஃப்யூஸ்டு’ என்று வருகிறது, மற்ற எல்லா இடத்திலிருந்தும் உள்ளே போக முடிகிறது என்றால் ஃபெயில்2பேன் ஓடுகிறதா என்று பாருங்கள். தவறான பாஸ்வேர்டு பலமுறை வந்த முகவரியைத் தடுத்துவைக்கும் புரோகிராம் அது. வழக்கமான அமைப்பில் 10 நிமிடத்துக்குள் 5 தவறு என்றால் 10 நிமிடத் தடை. ஓர் அலுவலகமே ஒரே பொது முகவரியில் வெளியே போகும்போது ஒருவர் செய்த தவறில் எல்லோரும் வெளியே நிற்க நேரிடும்.

‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’

இங்கே யாரும் பதில் சொல்லவில்லை. லினக்ஸ் ‘சின்’ பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு நிமிடம் கடந்து சில விநாடிகளில் கைவிட்டுவிடும். புரோகிராம் தனியாக ஒரு காலக்கெடு வைத்திருந்தால் அதற்கு முன்பே முடியும். மெஷின் அணைந்திருக்கலாம், முகவரி தவறாக இருக்கலாம், வழியில் ஒரு ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம். கிளவுடு சர்வர் என்றால் மூன்றாவதை முதலில் சந்தேகியுங்கள்.

கிளவுடில் ஃபயர்வால் ஒன்றல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமேசான் கிளவுடை எடுத்துக்கொண்டால் மெஷினைச் சுற்றி செக்யூரிட்டி குரூப், சப்நெட்டைச் சுற்றி நெட்வொர்க் ஏசிஎல், மெஷினுக்குள்ளேயே யுஎஃப்டபிள்யூ அல்லது ஃபயர்வால்டி என்று மூன்று அடுக்கு. செக்யூரிட்டி குரூப் ஒரு இணைப்பை உள்ளே விட்டால் அதன் பதிலை வெளியே விடவும் தானாகவே அனுமதிக்கும். ஏசிஎல் அப்படியல்ல, போவதற்கும் வருவதற்கும் தனித்தனி விதி வேண்டும். 5432-ஐ உள்ளே அனுமதித்துவிட்டு, பதில் போக வேண்டிய போர்ட்டுகளை மறந்தால் ‘டைம்டு அவுட்’தான். கேட்கும் லினக்ஸ் மெஷின் தன் பக்கத்துக்கு வழக்கமாக 32768 முதல் 60999 வரையுள்ள ஒரு போர்ட்டை எடுத்துக்கொள்ளும். பதில் அங்கேதான் போய்ச் சேர வேண்டும்.

‘பிங் வருதே சார்’ என்ற வாதத்தை இந்த இடத்தில்தான் கேட்பீர்கள். மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய பிங் இன்றும் அருமையான கருவி. ஆனால் அது சோதிப்பது ஐசிஎம்பி எதிரொலியை மட்டுமே. பிங் வந்தும் போர்ட் 5432 மூடியிருக்கலாம். பிங் வராமலே எஸ்எஸ்எச் ஜோராக வேலை செய்யலாம். போர்ட்டைச் சோதிக்க ‘என்சி’ கட்டளையை இசட், வி என்ற இரண்டு எழுத்துகளோடும், டபிள்யூ போட்டு 5 விநாடிக் கெடுவோடும் ஓட்டுங்கள். டிரேஸ்ரூட்டின் நடுவே நட்சத்திரக் குறிகள் வந்தால் அங்கே வழி அறுந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். அந்த ரூட்டர் பதில் அனுப்புவதில்லை, அவ்வளவுதான். கடைசி மெஷினின் வரி வந்திருந்தால் வழி இருக்கிறது. டிரேஸ்ரூட்டுக்கு டிசிபி முறையும் உண்டு. நீங்கள் சிக்கிய அதே போர்ட் எண்ணைக் கொடுத்து ஓட்டினால் பதில் இன்னும் நம்பகமாக இருக்கும்.

‘நோ ரூட் டு ஹோஸ்ட்’

ஆளைத் திசைதிருப்புவதில் இதற்கு இணை இல்லை. வழி இல்லை என்று சொல்கிறதே என்று ரூட்டிங் டேபிளை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதில் ஒரு குறையும் இருக்காது. உண்மையில் ரூட்டே இல்லாவிட்டால் வரும் செய்தி பெரும்பாலும் ‘நெட்வொர்க் இஸ் அன்ரீச்சபிள்’. அப்போது ‘ஐபி ரூட்’ கட்டளையில் டிஃபால்ட் கேட்வே இருக்கிறதா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

‘நோ ரூட் டு ஹோஸ்ட்’ வருவதற்கு அடிக்கடி இரண்டு காரணங்கள். நேரத்தை வைத்தே பிரிக்கலாம். கட்டளையைத் தட்டியதும் உடனே வந்தால், எதிர்மெஷினின் ஃபயர்வால் ‘நிர்வாகத் தடை’ என்ற ஐசிஎம்பி பதிலை அனுப்பியிருக்கும். ரெட்ஹேட் குடும்பத்து மெஷின்களில் ஃபயர்வால்டி வழக்கமாக இப்படித்தான் மறுக்கும். எதிர்மெஷினில் அந்தப் போர்ட்டைத் திறந்தால் போதும். மூன்று விநாடி போல யோசித்துவிட்டு வந்தால் கதை வேறு: எதிர்மெஷின் உங்கள் சப்நெட்டிலேயே இருக்க வேண்டியது, ஆனால் ‘இந்த ஐபி யாருடையது’ என்ற ஏஆர்பி கேள்விக்கு யாரும் பதில் தரவில்லை. ‘ஐபி நெய்பர்’ கட்டளையில் அந்த முகவரிக்கு நேரே ‘ஃபெயில்டு’ என்றோ ‘இன்கம்ப்ளீட்’ என்றோ இருக்கும். மெஷின் அணைந்திருக்கிறது, விஎல்ஏஎன் மாறியிருக்கிறது, அல்லது சப்நெட் மாஸ்க் தவறு. கடைசியது ஏமாற்றும்: 24 என்று போட வேண்டியதை 16 என்று போட்டால், கேட்வே வழியாகப் போக வேண்டிய மெஷினைத் தன் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருக்கும்.

இரண்டு முனையிலும் டிசிபிடம்ப்

செய்தியை வைத்து முடிவுக்கு வர முடியவில்லை என்றால் ஊகங்களை நிறுத்திவிட்டு பாக்கெட்டைப் பாருங்கள். டிசிபிடம்ப் 1980-களின் கடைசியில் பெர்க்லியின் லாரன்ஸ் ஆய்வகத்தில் பிறந்தது. இதைப் பழகிக்கொள்ளத் தயங்குபவர்கள் நிறைய. இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் கற்றுக்கொள்வதாக இருந்தால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

இரண்டு மெஷினிலும் ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டும். ஒரு முனையில் மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். இன்டர்ஃபேஸ் இடத்தில் ‘எனி’ என்று கொடுங்கள், பெயர் தேடாமல் இருக்க என் எழுத்தைச் சேருங்கள், எதிர்மெஷினின் ஐபியையும் போர்ட்டையும் வடிகட்டியாகக் கொடுங்கள். வடிகட்டி இல்லாமல் ஓட்டினால் நீங்கள் உட்கார்ந்திருக்கும் எஸ்எஸ்எச் இணைப்பின் பாக்கெட்டுகளே திரையை நிரப்பிவிடும். வரிகளில் கொடிக் குறி எஸ் என்று மட்டும் இருந்தால் அது ‘சின்’. எஸ்-க்குப் பக்கத்தில் புள்ளி இருந்தால் ‘சின்-ஆக்’. ஆர் என்று இருந்தால் மறுப்பு.

இப்போது இணைப்பை முயன்று பாருங்கள். கேட்கும் பக்கத்தில் எஸ் வரிகள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போகின்றன, எதிர்ப்பக்கத்தில் ஒரு வரியும் இல்லை என்றால் கோளாறு நடுவழியில்: செக்யூரிட்டி குரூப், ஏசிஎல், ரூட்டர். எதிர்மெஷினைத் தொட வேண்டியதில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து எஸ்-புள்ளி கிளம்புகிறது, இங்கே வந்து சேரவில்லை என்றால் திரும்பும் வழியில் அடைப்பு.

மூன்றாவது வகைதான் சுவையானது: எஸ் வரிகள் எதிர்மெஷினுக்கு வந்து சேர்கின்றன, ஆனால் அது வாய் திறக்கவில்லை. இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள். உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் பார்ப்பது மெஷினின் சொந்த ஃபயர்வாலுக்கு முன்பு. ஆகவே டிசிபிடம்பில் தெரிந்தாலும் அடுத்த கணமே ஐபிடேபிள்ஸோ என்எஃப்டேபிள்ஸோ அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். விதிகளைப் பட்டியலிட்டு, எந்த விதிக்கு நேரே எண்ணிக்கை ஏறுகிறது என்று பாருங்கள். ஐபிடேபிள்ஸில் எல்-உடன் வி எழுத்தைச் சேர்த்தால் அந்த எண்ணிக்கை தெரியும்.

ஃபயர்வாலும் குற்றவாளி இல்லை என்றால், பதில் போக வேண்டிய வழியைக் கேளுங்கள். ‘ஐபி ரூட் கெட்’ என்று தட்டி, கேட்கும் மெஷினின் முகவரியைக் கொடுங்கள். உதாரணமாக உங்கள் அலுவலக நெட்வொர்க் 172.17 என்று தொடங்குகிறது. சர்வரில் யாரோ புதிதாக டாக்கர் நிறுவியிருக்கிறார்கள். மற்ற எல்லா ஊரிலிருந்தும் சர்வருக்குப் போக முடிகிறது. உங்கள் அலுவலகத்திலிருந்து மட்டும் முடியவில்லை. டாக்கர் தன் உள் நெட்வொர்க்குக்கு வழக்கமாக 172.17.0.0/16-ஐ எடுத்துக்கொள்ளும். உங்கள் பாக்கெட் சர்வருக்கு வருகிறது, பதிலை எங்கே அனுப்புவது என்று சர்வர் தன் டேபிளைப் பார்க்கிறது, 172.17 என்றதும் ‘டாக்கர்0’ பக்கம் தள்ளிவிடுகிறது. ‘ஐபி ரூட் கெட்’ ஒரே வரியில் ‘டாக்கர்0’ என்ற பெயரைக் காட்டிவிடும். டாக்கரின் ‘டீமன் ஜேசன்’ கோப்பில் வேறொரு முகவரித் தொகுதியைக் கொடுத்தால் தீர்ந்தது.

இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள சர்வரிலும் இதே சாயலில் ஒரு சிக்கல் வரும். பாக்கெட் ஒரு கார்டில் வருகிறது. அனுப்பியவருக்குப் போகும் வழி இன்னொரு கார்டில் இருக்கிறது. ‘ஆர்பி-ஃபில்டர்’ என்ற அமைப்பு கண்டிப்பு முறையில், அதாவது 1 என்று இருந்தால், கர்னல் அப்படிப்பட்ட பாக்கெட்டை ஃபயர்வால் விதிகளில் ஒரு சுவடும் இல்லாமல் ஒதுக்கிவிடும். ‘லாக்-மார்ஷியன்ஸ்’ என்ற அமைப்பைத் திறந்து வைத்தால் கர்னல் பதிவில் தெரியும். பரபரப்பான சர்வர் என்றால் ‘டிமெசேஜ்’ கட்டளையையும் ஒருமுறை ஓட்டுங்கள். ‘கான்ட்ராக் டேபிள் ஃபுல்’ என்று இருந்தால் இணைப்புகளைக் கணக்கு வைக்கும் அட்டவணை நிரம்பி, புதிய பாக்கெட்டுகள் கீழே விழுந்துகொண்டிருக்கின்றன.

இணைப்பு விழுந்து, அப்புறம் உறைந்தால்

மூன்று பாக்கெட்டும் சரியாக நடந்தேறும். எஸ்எஸ்எச் வி எழுத்தோடு ஓடினால் சாவிப் பரிமாற்றத்துக்கான பதிலை எதிர்பார்ப்பதாக ஒரு வரி வந்து அங்கேயே நிற்கும். அல்லது உள்ளே போய்விடுவீர்கள், சின்னக் கட்டளைகள் எல்லாம் ஓடும், பெரிய கோப்பைத் திறந்ததும் திரை உறையும். சிறியது போகிறது, பெரியது போகவில்லை என்றால் எம்டியூவை, அதாவது வழி தாங்கும் மிகப் பெரிய பாக்கெட் அளவைச் சந்தேகியுங்கள்.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ வழியில் 1492. வயர்கார்டு விபிஎன் வழக்கமாக 1420 வைத்துக்கொள்ளும். வழியில் குறுகலான இடம் வந்தால் அந்த ரூட்டர் ‘இது பெரிது, சின்னதாக்கி அனுப்பு’ என்று ஐசிஎம்பி செய்தி அனுப்ப வேண்டும்; 1990-இல் வந்த ஆர்எஃப்சி 1191 வகுத்த முறை அது. பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி மொத்தத்தையும் அடைத்துவைக்கும் ஃபயர்வால்களில் அந்தச் செய்தி சிக்கிக்கொள்ளும். அனுப்பியவர் விவரமே தெரியாமல் பெரிய பாக்கெட்டுகளையே அனுப்பிக்கொண்டிருப்பார். ஐசிஎம்பியை முழுதாக அடைப்பது பாதுகாப்பு ஆகாது. அது நெட்வொர்க்கின் காதை அடைப்பது.

சோதனை எளிது. பிங்கில் எம் எழுத்தோடு ‘டூ’ என்று கொடுத்தால் பாக்கெட்டைத் துண்டாக்க அனுமதியில்லை. எஸ் எழுத்தோடு 1472 கொடுங்கள். ஐசிஎம்பி தலைப்புக்கு 8, ஐபி தலைப்புக்கு 20 சேர்ந்து 1500 ஆகும். பதில் வராவிட்டால் 1400, 1300 என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். பதில் வரும் மிகப் பெரிய எண்ணோடு 28-ஐக் கூட்டினால் வழியின் உண்மையான அளவு. இன்டர்ஃபேஸின் எம்டியூவை அந்த அளவுக்கு இறக்கலாம். நடுவில் உள்ள ரூட்டர் உங்கள் கையில் இருந்தால் அதில் எம்எஸ்எஸ் அளவைக் கட்டுப்படுத்தும் விதியைப் போடுவது இன்னும் நல்லது. ஒவ்வொரு மெஷினாக மாற்ற வேண்டியதில்லை.

சும்மா இருந்தால் மட்டும் அறுந்துபோகும் இணைப்பு வேறு ரகம். காலையில் வரும் முதல் கோரிக்கை மட்டும் தோற்று, மறுபடி முயன்றால் சரியாகும் டேட்டாபேஸ் இணைப்புகள் இதற்கு நல்ல உதாரணம். வழியில் உள்ள என்ஏடி சாதனம் சும்மா கிடக்கும் இணைப்பை மறந்துவிடுகிறது. அமேசானின் என்ஏடி கேட்வே 350 விநாடியில் மறக்கும். லினக்ஸ் கீப்அலைவ் முதல் விசாரிப்பை அனுப்புவதோ வழக்கமாக 7200 விநாடி கழித்து. எஸ்எஸ்எச்சில் ‘சர்வர் அலைவ் இன்டர்வல்’ 60 என்று வையுங்கள். டேட்டாபேஸ் இணைப்புகளுக்கு அதன் டிரைவரிலேயே கீப்அலைவ் நேரத்தைக் குறைக்கலாம்.

பெயரும் எஸ்எஸ்எச்சும்

ஐபி எண்ணைக் கொடுத்தால் போகிறது, பெயரைக் கொடுத்தால் போகவில்லை என்றால் டிஎன்எஸ். இதில் ‘டிக்’ கட்டளையை மட்டும் நம்பாதீர்கள். அது டிஎன்எஸ் சர்வரை நேராகக் கேட்கும். உங்கள் புரோகிராமோ முதலில் ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பைப் பார்க்கும். மெஷின் இடம் மாறியபின்னும் அந்தக் கோப்பில் பழைய முகவரி ஒட்டிக்கொண்டிருக்கலாம். ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்’ என்று தட்டினால் புரோகிராம் கேட்கும் அதே வழியில் பதில் கிடைக்கும். பெயருக்கு ஐபிவி6 முகவரியும் இருந்து அந்த வழி வேலை செய்யாமல் போனாலும் நீண்ட தாமதம் வரும். எஸ்எஸ்எச்சில் 4 என்ற குறியோடு முயன்றால் உடனே தெரிந்துவிடும்.

‘பெர்மிஷன் டினைடு’ வந்தால் நெட்வொர்க்கை விட்டுவிடுங்கள், அது சாவிக்கும் கணக்குக்கும் உள்ள வழக்கு. எஸ்எஸ்எச் போர்ட்டை மாற்றிய பிறகு இணைப்பு போனால் இரண்டு இடத்தைப் பாருங்கள். ரெட்ஹேட் வழி மெஷின்களில் எஸ்இலினக்ஸுக்குப் புதிய போர்ட்டை ‘செமேனேஜ்’ மூலம் சொல்ல வேண்டும். எஸ்இலினக்ஸையே அணைக்கச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். உபுண்டு 22.10 முதல் எஸ்எஸ்எச் போர்ட்டில் காத்திருப்பது சிஸ்டம்டியின் சாக்கெட். 24.04-இல் அமைப்புக் கோப்பை மாற்றினால் சிஸ்டம்டியை ‘டீமன் ரீலோடு’ செய்து, ‘எஸ்எஸ்எச் சாக்கெட்’டையும் ரீஸ்டார்ட் செய்தால்தான் புதிய போர்ட் எடுபடும்.

தொலைவில் இருந்துகொண்டு கை வைக்கும்போது

மெஷின் வேறு ஊரில் இருக்கிறது, நீங்கள் எந்த வழியாக உள்ளே வந்தீர்களோ அதே வழியில் கை வைக்கப் போகிறீர்கள். முதலில் கிளவுடு கன்சோலோ, சர்வரின் ஐபிஎம்ஐ வழியோ திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். திறந்திருக்கும் எஸ்எஸ்எச் ஜன்னலை மூடாமல், மாற்றத்துக்குப் பிறகு இரண்டாவது ஜன்னலில் புதிதாக உள்ளே வந்து பாருங்கள். எஸ்எஸ்எச்டியை ரீஸ்டார்ட் செய்தாலும் பழைய ஜன்னல் உயிரோடு இருக்கும். அதுதான் உங்கள் பிடிமானம். ரீஸ்டார்ட்டுக்கு முன் எஸ்எஸ்எச்டியை டி எழுத்தோடு ஓட்டினால் அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை இருந்தால் சொல்லிவிடும். யுஎஃப்டபிள்யூவை இயக்குவதற்கு முன் எஸ்எஸ்எச் போர்ட்டை அனுமதித்தாயிற்றா என்று பாருங்கள்.

உபுண்டுவில் முகவரி, ரூட் மாற்றங்களுக்கு ‘நெட்பிளான் ட்ரை’ இருக்கிறது: 120 விநாடிக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். ஐபிடேபிள்ஸுக்கு ‘ஐபிடேபிள்ஸ்-அப்ளை’ அதே வேலையைச் செய்யும். இவை இல்லாத மெஷினில் ‘அட்’ கட்டளையில், பத்து நிமிடம் கழித்துப் பழைய விதிகளை மீட்டெடுக்கும்படி ஒரு வேலையை முன்கூட்டியே போட்டுவையுங்கள். எல்லாம் சரியாகிவிட்டால் அதை நீக்கிக்கொள்ளலாம்.

‘ஐபி ரூட் ஆட்’, ‘சிஸ்கன்ட்ரோல்’, கையால் தட்டிய ஐபிடேபிள்ஸ் விதி, இவை எல்லாம் மெமரியில் மட்டுமே இருப்பவை. அடுத்த ரீபூட்டில் போய்விடும். கோளாறு தீர்ந்த அன்றே அந்த மாற்றத்தை உரிய கோப்பில் எழுதி, பராமரிப்பு நேரம் ஒன்று கேட்டு வாங்கி, மெஷினை ஒருமுறை ரீபூட் செய்து இணைப்பு திரும்ப வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.